நூற்றிருபது சென்டிமீட்டர்

அவனுக்கு அவன் மனைவி வைத்த பெயர் ‘அப்புறம்’. கோபத்தில் வைத்ததுதான், ஆனாலும் பொருத்தமாக வைத்தாள் என்று சொல்ல வேண்டும். வேலையில் அவனைக் குறை சொல்ல ஆள் கிடையாது. பெரிய பெரிய இரும்புச் சட்டங்களுக்குப் போல்ட் முடுக்குகிற பிட்டர். முடுக்கிய ஒவ்வொரு போல்ட்டின் மேலும் மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு இழுப்பான். அது பின்னால் மயிரிழை நகர்ந்தாலும் கோடு காட்டிக்கொடுத்துவிடும். அப்பேர்ப்பட்ட மனிதன், வீட்டு விஷயம் எதைக் கேட்டாலும் ‘அப்புறம் பார்க்கலாம்’ என்பான். பத்து வருடம் அப்படியே ஓட்டினான். பதினோராவது வருடம் அவள் கோர்ட்டுக்குப் போய்ப் பிரிந்துகொண்டாள். மகள் அம்மாவோடு இருப்பாள், சனிக்கிழமை மட்டும் அப்பாவோடு என்று முடிவாயிற்று.

மகளை அவன் வாண்டு என்று கூப்பிடுவான். எட்டு வயது. வயதுக்கு உயரம் கொஞ்சம் மட்டு, வாய் மட்டும் எட்டூருக்குக் கேட்கும்.

ஊருக்கு வெளியே ஒரு தீம் பார்க் எழும்பிக்கொண்டிருந்தது. அதில் ஆரஞ்சு நிறத்தில் வளைந்து நெளிந்து ஆகாயத்துக்குப் போய் இறங்கும் ரோலர் கோஸ்டரில்தான் அவனுக்கு வேலை. முதலாளிகள் அதற்கு வாயில் நுழையாத பெயர் ஒன்று வைத்திருந்தார்கள். வேலைக்காரர்களுக்கு அது பாம்பு. முதல் சனிக்கிழமை மகளைக் கூட்டிவந்து வேலிக்கு வெளியே நிறுத்திக் காட்டினான்.

“இத நீயாப்பா கட்டுற?”

“பின்ன? உங்கப்பன் இல்லன்னா பாம்பு படமே எடுக்காது.”

“நான் எப்ப ஏறுவேன்?”

அந்தக் கம்பெனியில் ஒரு பழக்கம் உண்டு. எந்த ரைடாக இருந்தாலும், ஊருக்குத் திறப்பதற்கு முந்தின நாள், கட்டியவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும்தான் முதலில் ஏறுவார்கள். “நம்ம புள்ளைய ஏத்தப் பயம்னா, ஊரான் புள்ளையயும் ஏத்தக் கூடாது” என்பது இன்ஜினியரம்மாவின் கட்சி. ஆனால் நூற்றிருபது சென்டிமீட்டர் உயரமில்லாத யாரும், முதலாளி பெற்ற பிள்ளையே ஆனாலும், ஏற முடியாது. வாண்டு அப்போது நூற்றுப் பதினாலு.

“ஆறுதானே? வளந்துடுவேன்” என்றாள், ஏதோ கடைக்குப் போய் வாங்கி வருகிற மாதிரி.

அடுத்த வாரமே சனிக்கிழமையும் வேலை என்று அறிவித்தார்கள். இஷ்டமில்லாதவர்கள் வேறு இடத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். மாறினால் முந்தின நாள் சவாரி கிடையாது. அவன் யோசிக்கவே இல்லை, பாம்போடு இருந்துவிட்டான். அவளுக்காகத்தானே என்று நினைத்தான். தப்பு செய்கிறவர்கள் பாதிப்பேர் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறார்கள்.

“அப்போ சைக்கிள் கத்துத் தரேன்னியே?” என்று வாண்டு போனில் கேட்டாள்.

“பாம்பு தெறக்கட்டும்டா. அப்புறம் சைக்கிள், நீச்சல், எல்லாம்.”

ஒன்றல்ல, இரண்டல்ல, எட்டு மாதச் சனிக்கிழமைகள் இப்படிப் போயின. சாயங்காலம் ஆறு மணிக்கு அவள் போன் செய்வாள். எந்த வளைவு முடிந்தது, எந்தத் தூண் நின்றது, மோட்டார் என்ன சத்தம் போட்டது என்று அவன் ஒன்று விடாமல் சொல்லுவான். அவள் உம் கொட்டிக் கேட்பாள். அவள் கதை எதையும் அவன் கேட்டதாக நினைவில்லை. கேட்க நினைக்கும்போது அவளைக் குளிக்கக் கூப்பிட்டுவிடுவார்கள்.

திறப்பு விழா இரண்டு முறை தள்ளிப்போயிற்று. முதலில் மழை, அப்புறம் வெளியிலிருந்து வந்த மோட்டார் மாறி வந்துவிட்டது. முதலாளிகள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். வாண்டு மட்டும் குதித்தாள். ஒவ்வொரு தடவை தள்ளிப்போகும்போதும் அவளுக்கு ஒரு சென்டிமீட்டர் லாபம். கதவுக் கம்பியில் தொங்கினாள், வேண்டா வெறுப்பாகப் பால் குடித்தாள், தூங்கும்போது காலை மடக்கினால் உயரம் குறையும் என்று யாரோ சொன்னதை நம்பி விறைத்துக்கொண்டு படுத்தாள்.

இந்த நேரத்தில்தான் அவள் அம்மாவுக்கு வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்தது. மகளையும் கூட்டிக்கொண்டு போகிறாள். ஞாயிற்றுக்கிழமை விமானம். தொழிலாளர் சவாரி அதற்கு முந்தின நாள், சனிக்கிழமை. பாம்புச் சவாரியாவது அதற்குள் வந்துவிட்டதே, அந்த ஒரு நாள் போதும் என்று அவன் மனதைத் தேற்றிக்கொண்டான். இருபது நாளுக்கு முன் வீட்டில் அளந்து போனில் சொன்னபோது அவள் நூற்றுப் பதினெட்டுதான். வயது வந்த மனிதன், சாமியிடம் இரண்டு சென்டிமீட்டர் கேட்டு வேண்டிக்கொண்டான்.

சனிக்கிழமை மத்தியானம் அம்மா அவளைப் பார்க் வாசலில் இறக்கிவிட்டு, “அஞ்சு மணிக்கு வந்துடுவேன். பெட்டி கட்டணும்” என்று சொல்லிவிட்டுப் போனாள். மேடையில் நீண்ட வரிசை. உயரம் அளக்கிற கம்பத்தின் முன் வாண்டு ஷூவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்து நின்றாள். குறுக்குக் கட்டை அவள் உச்சந்தலையில் தட்டியது.

“பாஸ்!” என்றான் ஆபரேட்டர்.

வரிசையே கை தட்டியது. அவள் போட்ட கூச்சலில் இன்ஜினியரம்மாவே திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அவனும் தட்டினான். தட்டிக்கொண்டே குனிந்து அவள் காலைப் பார்த்தான். கை நின்றுவிட்டது.

அவள் நீல நிற ரப்பர் விரிப்பின் மேல் நின்றுகொண்டிருந்தாள். போன வாரம்தான் மேடை முழுக்க ஒட்டினார்கள். இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் கனம். கம்பத்தை நட்டது அவன்தான், இரண்டு மாதத்துக்கு முன், வெறும் கான்கிரீட்டிலிருந்து மூன்று தடவை அளந்து. மகள் ஏறப்போகிற ரைடு என்று ஆசை ஆசையாக, அடுத்தவனிடம் கொடுக்காமல் தானே நட்டான். மேலே விரிப்பு வரும் என்பதை நினைக்கவில்லை. ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி.

வேறு யாருக்கும் தெரியாது. ஒரு தடவைதானே, ஒன்றரை நிமிடம்தானே என்று மனது கெஞ்சியது. ஆனால் சோதனை ஓட்டத்தில் சின்ன பொம்மைகளை உட்கார வைத்துப் பார்த்தவன் அவன். உயரம் குறைந்தால் தோளுக்கும் பூட்டுக் கம்பிக்கும் நடுவே எவ்வளவு இடம் விழும் என்பது அவன் கைக்கே தெரியும். தலைகீழாகத் திரும்புகிற வளைவில், ஒரு பிள்ளை நழுவி விழ அந்த இடம் போதும்.

“மேடம், கம்பம் தப்பு. விரிப்புக் கனத்த விட்டுட்டேன். நான்தான் வெச்சேன்.”

இன்ஜினியரம்மா டேப்பை எடுத்தாள். கட்டை மேலே ஏறியது. வாண்டுவின் தலைக்கும் கட்டைக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. “சாரி கண்ணு” என்றாள் இன்ஜினியரம்மா.

வாண்டு அழுவாள் என்று பார்த்தான். அழவில்லை. கம்பிக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்து, யார் துணையும் இல்லாமல் ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டாள்.

“நீ சொல்லாம இருந்திருக்கலாம்லப்பா?”

“உனக்கு ஒண்ணு ஆயிட்டா நான் என்னடா பண்ணுவேன்?”

அவள் கொஞ்ச நேரம் பாம்பையே பார்த்தாள். பிறகு, “அப்ப நீ ஏறு. ஏறிட்டு வந்து சொல்லு” என்றாள்.

“வேணாண்டா.”

“போப்பா! எனக்குத் தெரியணும். நீ சொன்னா நான் ஏறின மாதிரிதான்.”

“பிட்டரண்ணே, சீட்டு காலியா நிக்குது, வாங்க!” என்று ஆபரேட்டர் கத்தினான். அவள் இரண்டு கையாலும் அவன் முதுகைத் தள்ளினாள். போய் உட்கார்ந்தான். கம்பி தோளில் இறங்கிப் பூட்டிக்கொண்டது.

வண்டி கடகடவென்று ஏறத் தொடங்கியது. திரும்பிப் பார்த்தான். கம்பி ஓரத்தில் தனியாக நின்று கை ஆட்டிக்கொண்டிருந்தாள். ஏற ஏற அவள் சின்னதாகிக்கொண்டே போனாள். மேடைக் கடிகாரத்தில் மணி நாலே முக்கால். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. இருப்பது கால் மணி நேரம். அதிலும் அவளை வெளியே நிறுத்திவிட்டு, தான் பாம்போடு இருக்கிறான்.

“நிறுத்துங்க! எறக்கி விடுங்க!”

பின்னால் இருந்த அத்தனை பேரும் அதையேதான் கத்திக்கொண்டிருந்தார்கள், சந்தோஷத்தில். பக்கத்திலிருந்த கிரேன்காரர், “என்ன பிட்டரே, நீங்க முடுக்குன போல்ட்டு மேல உங்களுக்கே நம்பிக்க இல்லையா?” என்று சிரித்தார். வண்டி உச்சியில் ஒரு கணம் நின்று கீழே பாய்ந்தது.

கம்பி விட்டதும் படிகளில் தடுக்கி ஓடினான். அவள் எதிரே ஓடி வந்தாள்.

“எப்படி இருந்துச்சு? மேல என்னப்பா பாத்த?”

“உன்னத்தான்டா பாத்துட்டிருந்தேன்.”

“ஐயோ, என்னைத்தான் உனக்குத் தெரியுமே! பாம்பப் பத்திச் சொல்லு.”

சிரித்தபோது மேல் வரிசையில் ஒரு பல் இல்லை. எப்போது விழுந்தது என்று அவனுக்குத் தெரியாது. நாடா கட்ட யார் சொல்லிக்கொடுத்தார்கள், சைக்கிளை வேறு யாரிடமாவது கற்றுக்கொண்டாளா, எதுவும் தெரியாது. கேட்க வாயெடுத்தான். அவள் கையைப் பிடித்து ஆட்டி, “மொதல்லேருந்து சொல்லு, ஒண்ணு விடாம” என்றாள்.

அம்மா வாசலில் வந்து நிற்கும்வரை, அவன் பாம்பைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்தான்.