ஆள் மேலே, காது மிஷின் கீழே

மாற்றுத் துணி எடுத்துக்கொண்டு வருவதற்குள் என் வீட்டுக்காரரை மறுபடியும் வார்டு மாற்றிவிட்டார்கள். அவர் படுத்திருந்த கட்டிலில் வேறு யாரோ குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். "மேல் மாடிக்கு அனுப்பியாச்சும்மா" என்று ஒரு நர்ஸ் தலை திருப்பாமலே சொன்னாள். போன தடவையும் இதே கதைதான்.

மேலே ஓடினேன். கடைசிக் கட்டிலில் கிடந்தார். இரண்டு கைகளையும் கட்டில் கம்பியோடு சேர்த்துத் துணியால் கட்டியிருந்தார்கள். சலூனில் எத்தனையோ பேருக்கு முடி வெட்டிய கை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எதுக்கு சிஸ்டர் கட்டி வெச்சிருக்கீங்க? இவரு என்ன திருடனா?"

"டாக்டர் இவரு பேரக் கேட்டாரு, இது எந்த இடம்னு கேட்டாரு. கேட்டதுக்கும் சொன்னதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. காதப் புடிச்சு இழுத்துக்கிட்டு ஒரே கத்தல். அதான் கட்டினோம். இன்னும் கொஞ்ச நேரத்துல மனநல ஆஸ்பத்திரிக்கு மாத்தச் சொல்லிட்டாரு."

அவர் காதைப் பார்த்தேன். வெறும் காது.

"காது மிஷின் எங்க?"

"எந்த மிஷின்?"

அடப் பாவிகளா! அது இல்லாவிட்டால் பக்கத்தில் இடி விழுந்தாலும் இவருக்குக் கேட்காது. கடையில் தலைசுற்றி விழுந்தபோது நாக்கு கடிபட்டுப் பேச்சும் குழறல். காது கேட்கவில்லை என்று கையால் காட்டியிருக்கிறார். காட்டிய கையைக் கட்டிவிட்டு, பைத்தியக்காரப் பட்டமும் கொடுத்துவிட்டார்கள்.

"நான் வர்ற வரைக்கும் இவர யாராவது நகத்தினீங்க, அப்புறம் நான் பொல்லாதவளாயிடுவேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன்.

கீழே, "ஆளையே அனுப்பிட்டோம், சாமான் எப்படி எங்ககிட்ட இருக்கும்?" என்றார்கள். நான் நகரவில்லை. மேஜைமேல் கத்தரிக்கோலும் பஞ்சும் கிடந்த தட்டை நானே கிளறினேன். பஞ்சுக்கு அடியில் இருந்தது மிஷின்.

"ஓ, அதுவா? ஸ்கேன் எடுக்கறப்ப கழட்டி இங்க குடுத்தாங்க. அதுக்குள்ள அவர மாத்திட்டாங்க."

"ஒரு மாடி ஏறிக் குடுக்க ஒருத்தருக்கும் கால் இல்லையா?"

"அது எங்க வேலை இல்லம்மா."

வாய் வரைக்கும் வந்ததை முழுங்கிக்கொண்டேன். சண்டை போட நேரமில்லை.

மேலே டாக்டரும் வந்திருந்தார், ட்ராலியும் வந்திருந்தது. தள்ளுபவர் இவருடைய தோளுக்கு அடியில் கையைக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் நடுவில் புகுந்து மிஷினைக் காதில் மாட்டினேன். கீயென்று கத்தி அடங்கியது. இவர் கண் என்மேல் வந்து நின்றது.

"இப்பக் கேளுங்க டாக்டர், அதே கேள்விய."

டாக்டர் குனிந்தார். "ஐயா, இது எந்த இடம்னு தெரியுதா?"

இவர் ட்ராலியைப் பார்த்தார், கட்டியிருந்த கையைப் பார்த்தார். குழறினாலும் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"தெரியல டாக்டர். கண்ண மூடினா ஒரு இடம், முழிச்சா இன்னொரு இடம். எங்க கூட்டிட்டுப் போறோம்னு ஒருத்தராவது என் மூஞ்சியப் பாத்துச் சொன்னீங்களா? நான் முடி வெட்டறவன். என் நாற்காலியில உக்காந்தவர் தலையக்கூட சொல்லாம திருப்ப மாட்டேன்."

டாக்டர் ட்ராலிக்காரரைத் திரும்பிப் போகச் சொன்னார். கட்டை அவிழ்க்கச் சொல்லி நர்ஸுக்குக் கை காட்டினார். அவள் வருவதற்குள் நானே அவிழ்த்துவிட்டேன்.