ஒன்பதாம் பக்கம்

பஸ்ஸில் ஜன்னலோர இருக்கையை விட்டு எழவில்லை என்பதற்காகப் பன்னிரண்டாம் வகுப்புப் பையன் ஒருவனை மூன்று பேர் அரிவாளால் வெட்டினார்கள். அதைப் பற்றி மந்திரமூர்த்தி மறுநாள் காலை முகநூலில் எழுதிய பதிவை, அவர் கடை திறப்பதற்குள் அறுநூறு பேர் பகிர்ந்திருந்தார்கள்.

பாளையங்கோட்டையில் நீதிமன்றத்துக்கு எதிர்ச்சாரியில் அவருக்கு ஜெராக்ஸ் கடை. வக்கீல்களும் வழக்கோடு வருகிறவர்களும் நாளெல்லாம் வந்துபோகிற இடம் என்பதால் நாட்டுநடப்பு தானாகவே காதில் விழும். அதையெல்லாம் மனதில் போட்டு உருட்டி, காலையில் வண்ணார்பேட்டை வீட்டு மொட்டைமாடியில் காப்பியோடு உட்கார்ந்து அரைப் பக்கம் எழுதுவது பல வருஷப் பழக்கம். தேர்தல் கூட்டணி, பட்ஜெட், ஆற்றில் கலக்கிற சாக்கடை, ஜாதிச் சங்கங்களின் ஊர்வலம் என்று எதையும் விடமாட்டார். தன் பக்கத்தின் முகப்பில் ‘எந்தக் கட்சியிலும் இல்லாத சாமானியன்’ என்று போட்டிருந்தார். நாலாயிரம் பேர் படித்தார்கள். நீதிபதி ஒருவர்கூடப் படிப்பதாகக் கேள்வி.

அன்றைய பதிவு இப்படி முடிந்திருந்தது: ‘வெட்டிய கைகளுக்கு விலங்கு போடுவது எளிது. அந்தக் கைகளுக்குச் சோறு போட்ட வீடுகளில் என்ன பேச்சு நடந்தது என்று யார் கேட்பது?’

வெட்டுப்பட்ட பையன் படிப்பது அவர் மகள் கலையரசி படிக்கிற அதே பள்ளிக்கூடம். அவளுக்கு ஒரு வகுப்பு மேலே. “ஒனக்கு அந்தப் பையனைத் தெரியுமாட்டி?” என்று அவர் கேட்டதற்கு, “பாத்திருக்கேன்ப்பா” என்று மட்டும் சொன்னாள். பள்ளிக்கூடத்துக்கு மூன்று நாள் விடுமுறை விட்டிருந்தார்கள்.

பதினோரு மணி இருக்கும். வக்கீல் ஹெப்சிபா கடைக்குள் வந்தார். பின்னாலேயே ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒல்லியான ஆள். வாழைத்தார் சுமந்து சுமந்து ஒரு தோள் காய்ப்பேறி இறங்கியிருந்தது. கசங்கிய வெள்ளைச் சட்டையில் வாழைக்கறை.

“அண்ணாச்சி, இவுகதான் செல்வமணி. அந்தப் பையனோட அப்பா,” என்றார் ஹெப்சிபா.

மந்திரமூர்த்தி பதறி எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். “உக்காருங்க. பையன் எப்படி இருக்கான்?”

“உசுருக்கு ஒண்ணுமில்லங்காக. வலது கைதான். மூணு வெரலு அசையல,” என்றார் செல்வமணி. குரலில் அழுகை இல்லை. வெறுமனே தகவல் சொல்வதுபோல் சொன்னார்.

ஹெப்சிபா காரியத்துக்கு வந்தார். வெட்டு நடந்த அன்று சாயங்காலத்திலிருந்து இன்ஸ்டாகிராமில் அதைக் கொண்டாடி ஏராளமான பேர் படம் போட்டிருக்கிறார்கள். அதில் பதினான்கை அவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தார். எல்லாவற்றையும் தாளில் எடுத்துப் புகாரோடு இணைக்க வேண்டும். வாட்ஸப்பில் அனுப்பினார். மந்திரமூர்த்தி கணினியில் திறந்து அச்சுக்குக் கொடுத்தார்.

தாள் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. செல்வமணி முதல் தாளைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“கண்ணாடி கொண்டுவரல அண்ணாச்சி. என்ன எழுதியிருக்கானுவ? வாசிச்சுச் சொல்லுங்களேன்.”

“அதெல்லாம் எதுக்குண்ணே, மனசுக்குக் கஷ்டம்.”

“எம் பிள்ளையத்தான பேசியிருக்கு. நான் கேக்கணும்லா.”

வேறு வழியில்லை. மந்திரமூர்த்தி வாசித்தார். முதலில் அரிவாள் படம். அடுத்ததில் ஏதோ பாட்டு வரி. அதற்கடுத்தது ‘எங்கள் தம்பிகளுக்கு வாழ்த்துகள்.’ பிழை மலிந்த தமிழ். ‘சிங்கம்’ என்பதைக்கூட ஒருவன் தப்பாக எழுதியிருந்தான். செல்வமணி ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டார், கணக்கு ஒப்பிக்கிற பிள்ளையைக் கேட்பவர்போல.

ஒன்பதாவது தாள் வந்தது. கறுப்புப் பின்னணி, வெள்ளை எழுத்து. மந்திரமூர்த்தி வாசித்தார்: “‘எழுந்து நிற்பது அவர்கள் மரியாதை. எழ வைப்பது நம் மரபு.’”

மற்ற பதிமூன்றும் விடலைத்தனமானவை. இது அப்படியில்லை. எழுதியவன் தமிழ் தெரிந்தவன், வார்த்தையை எடைபோட்டு வைக்கிறவன் என்று அவருக்குத் தோன்றியது. செல்வமணியின் தலை இப்போது ஆடவில்லை.

“இத எழுதினவன் சின்னப் பய இல்ல,” என்றார் செல்வமணி மெதுவாக. “பெரிய ஆளு எவனோ இருக்கான்.”

ஆமோதிக்க வாயெடுத்த மந்திரமூர்த்தியின் கண், தாளின் மேல் மூலையில் போட்டவரின் சிறு வட்டப் படத்தில் விழுந்தது. நீலத் தண்ணீர்த்தொட்டி ஒன்றில் சாய்ந்தபடி, முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிற ஒரு பெண். இரட்டைச் சடை. பெயருக்கு ஏதோ பட்டப்பெயர். தொட்டியில் வெள்ளைப் பெயிண்டால் ஒரு மீன். அது அவர் வீட்டு மொட்டைமாடித் தொட்டி; அந்த மீனைப் போன பொங்கலுக்கு வரைந்தது அவர்தான்.

கையிலிருந்த தாளை எங்கே வைப்பது என்று தெரியாமல் அப்படியே நின்றார். மின்விசிறிச் சத்தம் பெரிதாகக் கேட்டது. ஹெப்சிபா, “என்ன அண்ணாச்சி, தலை சுத்துதா?” என்று கேட்டது எங்கோ தூரத்திலிருந்து வந்ததுபோல் இருந்தது.

“காலையில சாப்பிடல,” என்றார். மிச்சத் தாள்களை எடுத்துக் கொடுத்துவிட்டு, அவர்கள் படியிறங்கியதும் கடையைச் சாத்தினார்.

வண்டியை எப்படி ஓட்டிக்கொண்டு வந்தார் என்பது அவருக்கே தெரியாது. வண்ணார்பேட்டைத் திருப்பத்தில் பின்னால் வந்த லாரிக்காரன் ஏசியது மட்டும் நினைவிருந்தது. வீட்டில் மனைவி இசக்கியம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கலையரசி கட்டிலில் படுத்து போன் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அந்தப் பையனை வெட்டினதுக்கு நீ என்னட்டி போட்ட?”

கலையரசி எழுந்து உட்கார்ந்தாள். “எல்லாரும் போட்டாங்கப்பா. வகுப்புல நம்ம ஆளுக பிள்ளைக அத்தனை பேரும் போட்டாங்க. போடலன்னா ஒதுக்கிருவாங்க. ஸ்டோரிதான, ஒரு நாள்ல அதுவா போயிரும்னு நெனச்சேன்.”

“வெட்டுப்பட்டுக் கெடக்கான்! மூணு வெரலு அசையலங்காரு அவுக அப்பா. நான் எங் கையால அச்சடிச்சு, என் வாயால அந்த மனுசனுக்கு வாசிச்சுக் காட்டியிருக்கேன். அந்த மாதிரி விஷத்த எங்கருந்துட்டி எடுத்த? யார் சொல்லிக் குடுத்தா?”

கலையரசி அவரை விசித்திரமாகப் பார்த்தாள்.

“அது நீங்க எழுதினதுப்பா.”

“என்னது?”

“எனக்கு நல்லா எழுத வராது. அதான் உங்க பக்கத்துல தேடினேன். அதுலதான் இருந்துச்சு.”

அவள் போனைத் தடவி அவர் முன்னால் நீட்டினாள். பதின்மூன்று வருஷத்துக்கு முந்தைய பதிவு. ஏதோ ஒரு விழா ஊர்வலம். லாரியின் மேல், கழுத்தில் துண்டோடு, இன்னும் நரைக்காத மீசையோடு அவரே நிற்கிறார். கீழே அந்த இரண்டு வாக்கியங்கள். ஒரு எழுத்து மாறவில்லை. இருநூற்றுச் சொச்சம் பேர் விரும்பியிருந்தார்கள்.

அந்த ஊர்வலம் அவருக்கு நினைவிருந்தது. வெயிலும், லாரியில் கொடுத்த எலுமிச்சைச் சாதமும்கூட நினைவிருந்தன. அதன்பின் மெல்ல அந்தக் கூட்டத்திலிருந்து விலகியதும், சங்கத்துக்காரர்களோடு சண்டை போட்டதும் நினைவிருந்தன. இந்த வரிகளை எழுதியது மட்டும் துளியும் நினைவில்லை. வேறொருவன் வீட்டுக்குள் புகுந்து அவருடைய கையெழுத்திலேயே எழுதிவைத்துவிட்டுப் போனதைப்போல இருந்தது. பெரிய ஆள் எவனோ இருக்கிறான் என்று செல்வமணி சொன்னது காதுக்குள் கேட்டது. அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

இசக்கியம்மா கதவைச் சாத்திவிட்டு வந்தாள். “ரெண்டையும் அழிச்சிருங்க. இவ பேரு வெளிய வந்தா படிப்பு போச்சு. யாருக்குத் தெரியப் போவுது?”

நியாயமாகத்தான் பட்டது. தன் போனில் அந்தப் பழைய பதிவைத் தேடி எடுத்து, மூலையிலிருந்த மூன்று புள்ளியை அழுத்தினார். ‘நீக்கு’ என்பது வரைக்கும் விரல் போயிற்று. அரசியல் என்பது மேடையில் நிற்கிறவர்கள் செய்கிற காரியம், தான் கீழே நின்று பார்த்துக் குறிப்பெழுதுகிறவன் என்று இத்தனை காலம் நம்பியிருந்தார். காலையில்கூட ஆயிரம் வீடுகளைப் பார்த்துக் கேள்வி கேட்டிருந்தார். அந்த ஆயிரத்தில் தன் வீட்டை அவர் சேர்க்கவே இல்லை.

போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மகளைப் பார்த்தார். “சட்டைய மாத்திட்டுக் கெளம்பு.”

“எங்கப்பா?”

“ஐகிரவுண்டுக்கு. பெரியாஸ்பத்திரிக்கு.”

“கொன்னுருவாங்க நம்மள!” என்று இசக்கியம்மா தலையில் அடித்துக்கொண்டாள். கலையரசி வரமாட்டேன் என்று அழுதாள். அவர் வற்புறுத்தவில்லை. வாசலில் வண்டியை எடுத்துக்கொண்டு நின்றார். பத்து நிமிஷம் கழித்து அவளாகவே வந்து பின்னால் ஏறிக்கொண்டாள்.

ஹெப்சிபாவும் செல்வமணியும் ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்தார்கள். மந்திரமூர்த்தி போனதும் சுற்றி வளைக்காமல் சொன்னார்: “அந்த ஒன்பதாம் பக்கம் போட்டது எம் மக. இவதான். அதுல இருக்க எழுத்து என்னுது. பதிமூணு வருஷத்துக்கு முந்தி எழுதினேன். உங்களுக்கு வாசிக்கும்போது எனக்கே தெரியாது. சத்தியமாத் தெரியாது.”

ஹெப்சிபா கையிலிருந்த தாள்களில் ஒன்பதாவதைத் தேடி எடுத்தார். மந்திரமூர்த்தியின் பதிவுகளைத் தினமும் படிக்கிறவர் அவர்.

செல்வமணி அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கேட்டார்: “நீங்களா?”

“நான்தான்.”

“மரியாதையா நாற்காலி எடுத்துப் போட்டிய. அண்ணேன்னு கூப்பிட்டிய. எங்க ஊருல மூஞ்சிக்கு நேரா ஏசுவானுவ. அது அன்னிக்கோட போச்சு. நீங்க எழுதி வச்சிருக்கிய. அது கெடந்து, இத்தன வருஷம் கழிச்சு எம் பிள்ள வரைக்கும் வந்திருக்கு.”

கலையரசி விம்மினாள். “மன்னிச்சிருங்க மாமா” என்று ஏதோ சொல்ல வந்தாள்.

செல்வமணி அவளைப் பார்க்காமல் கையை உயர்த்தித் தடுத்தார். “வேண்டாம். பிள்ளையக் கூட்டிட்டுப் போங்க. இது அழுதா எனக்கு எரக்கம் வந்திரும். இன்னிக்கு அது வரக்கூடாது.”

அவர்கள் திரும்பி நடந்தார்கள். ஹெப்சிபா பின்னாலேயே வந்து, போலீஸ் விசாரணைக்குக் கூப்பிட்டால் இருவரும் வரவேண்டியிருக்கும் என்றார். “வாறோம்,” என்றார் மந்திரமூர்த்தி.

சாயங்காலம் முகநூலில் பழைய பதிவைத் தேதியோடு எடுத்துப்போட்டு, ‘இதை எழுதியவன் நான். பையனின் தகப்பனாரிடம் சொல்லிவிட்டேன்’ என்று மட்டும் சேர்த்தார். மகளைப் பற்றி அதில் எழுதவில்லை. அரை மணி நேரத்தில் நானூறு பேர் ‘எவ்வளவு நேர்மை!’ என்று பாராட்டியிருந்தார்கள். காலையில் அறுநூறு பேர் பகிர்ந்ததற்கு மகிழ்ந்த மனிதர், இப்போது ஒவ்வொரு பாராட்டையும் படிக்கும்போது அறை வாங்கியதுபோல் துவண்டார்.

அப்போது மைத்துனன் இசக்கியப்பன் திசையன்விளையிலிருந்து கூப்பிட்டான்.

“அத்தான், எதுக்கு அதப் போட்டு மன்னிப்புக் கேக்குறது மாதிரி எழுதியிருக்கிய? அருமையான வரிலா அது. நாங்க கொடைக்கு வருஷா வருஷம் பனியன்ல அடிக்கோமே.”

“என்னது பனியன்?”

“கோயில் கொடைத் திருவிழாவுக்குத்தான். முதுகுல அந்த வரிதான். மூணு வருஷமா. அறுபது பனியன். எங்க அத்தான் எழுதினதுன்னு பயலுவகிட்ட எல்லாம் சொல்லியிருக்கேன். உங்களுக்குத் தெரியாதா?”

மந்திரமூர்த்தி கேட்டார்: “பிடிபட்ட மூணு பேரு… அவனுவளுக்கும் குடுத்தியாலே?”

“அதுல ரெண்டு பேரு நம்ம கொடைக்கு வாற பயலுவதான்,” என்றான் இசக்கியப்பன். பிறகு அவசரமாக, “அதுக்கும் இதுக்கும் என்னத்தான் சம்பந்தம்?” என்றான்.

அவர் போனை வைத்தார். உடனே ஹெப்சிபாவுக்குக் கூப்பிட்டு, பனியன் விஷயத்தை ஒன்று விடாமல் சொன்னார். மறுவாரம் காவல் நிலையத்தில் அதையே எழுத்தில் கொடுத்துக் கையெழுத்தும் போட்டார். இசக்கியப்பன் அதோடு பேச்சை நிறுத்திக்கொண்டான். கூடப்பிறந்தவன் உறவு விட்டுப்போன துக்கத்தில் இசக்கியம்மா இரண்டு மாதம் அவரோடு சரியாகப் பேசவில்லை. கலையரசியை அதிகாரி ஒருவர் தனியாக உட்காரவைத்து விசாரித்தார், எச்சரித்து அனுப்பினார். வகுப்பில் அவளோடு பேசுகிறவர்கள் குறைந்துபோனார்கள். பையனுக்கு இரண்டு விரல்கள் அசைய ஆரம்பித்திருப்பதாக ஹெப்சிபா ஒருநாள் சொன்னார். மூன்றாவது விரல் அசையவில்லை. செல்வமணி அந்தக் கடைக்கு மறுபடி வரவில்லை.

மந்திரமூர்த்தி காலையில் எழுதுவதை நிறுத்தியிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், தன் பக்கத்தின் ஆகப் பழைய பதிவிலிருந்து ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டிருந்தார். முதல் வருஷத்திலேயே, எழுதியதே நினைவில்லாத, வாசிக்கக் கூசுகிற பதிவுகள் ஏழு இருந்தன. எட்டாவது, பெண்களைப் பற்றியது. அதை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

கலையரசி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“இன்னும் இருக்காப்பா?”

“இருக்கு.”

அவள் திரையைத் தன் பக்கம் திருப்பி, ஒன்பதாவதை வாசிக்க ஆரம்பித்தாள்.