மேனேஜர் தபசு இருந்த கதை

திருநீற்றுப் புதனன்று நெற்றியில் சாம்பலோடு ஆபீசுக்கு வந்த மேனேஜர் ராயப்பராஜ், கையிலிருந்த பையைக்கூட வைக்காமல், ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தபசுகாலம் முடியும்வரை தான் பின்சந்துக் கடையின் வெண்ணெய் சாண்ட்விச்சைத் தொடப்போவதில்லை என்று அறிவித்தார். டைப்பிஸ்ட் ஏஞ்சலினுக்குச் சிரிப்பு வந்தது. வெண்ணெயைக் குறைக்காவிட்டால் நெஞ்சு தாங்காது என்று டாக்டர் கண்டித்துவிட்டதாக, போன வாரம்தான் அவர் மனைவியிடம் போனில் புலம்பிக்கொண்டிருந்தார். டாக்டர் பிடுங்கியதைத் தூக்கி ஆண்டவருக்குக் கொடுக்கிறாராம். சிகரெட்டை விடவில்லை, சாயங்காலப் பிராந்தியை விடவில்லை. பிடித்தமானதை விடுங்கள் என்று சாமியார் பிரசங்கம் வைத்தால் இந்த ஆளுக்கு மட்டும் எப்படித்தான் இவ்வளவு வசதியாக ஒன்று அகப்படுகிறதோ.

அதோடு நிறுத்தியிருந்தால் அவளும் போய்த் தொலையட்டும் என்று விட்டிருப்பாள். ஆபீஸே சேர்ந்து செய்தால்தான் ஒறுத்தலுக்கு மதிப்பு என்றார் மேனேஜர். வேடசந்தூர்ப் பக்கத்து மில் ஒன்றுக்குத் திண்டுக்கல்லில் இருந்த விற்பனை ஆபீஸ் அது. பாதிப் பேர் கோயிலுக்குப் போகிறவர்கள். அவர்கள் தலையாட்டியதையாவது புரிந்துகொள்ளலாம். கணக்குப் பார்க்கும் மொக்கைச்சாமிக்குத் தபசுகாலம் மார்கழியில் வருமா மாசியில் வருமா என்றே தெரியாது. அவரும் பயபக்தியோடு சரி என்றார். மறுநாள் மதியம் எல்லோரும் எதிர் மெஸ்ஸில் கோழிக்குழம்பும் அயிரை மீனுமாக வளைத்துக் கட்டிவிட்டு, ஏப்பம் விட்டபடியே தியாகத்தைப் பற்றிப் பேசினார்கள். ஏஞ்சலின் ஹாஸ்டலில் கட்டிக்கொடுத்த தயிர்சோற்றைத் தன் மேசையிலேயே சாப்பிட்டாள்.

அதுவரை வேலைநாள் தவறாமல் எல்லோருக்கும் மதியச் சாப்பாடு, ஆபீசுக்குப் பின்சந்தில் இருந்த நூர் அகமது கடையில்தான். கொடைக்கானல் ஓட்டல் ஒன்றின் அடுப்படியில் தொழில் பழகியவர் அவர். தோசைக்கல்லில் வெண்ணெய் தடவி ரொட்டியை முறுகவிட்டு, நடுவில் அவித்த முட்டையும் வெங்காயமும் புதினாச் சட்னியும் வைத்து, குறுக்கே அரிந்து தருவார். தொண்ணூற்றெட்டில் திண்டுக்கல்லுக்கு அதுவே பெரிய நாகரிகம். ஆண்கள் வாசலில் சாப்பிடுவார்கள். ஏஞ்சலின் உள்ளே அடுப்புப் பக்கம் உட்கார்ந்துகொள்வாள். நூர் அகமதின் மனைவி மெஹராஜ் கைவேலையை விடாமல் அவளோடு பேசிக்கொண்டிருப்பாள். முப்பத்தாறு வயதாகியும் ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று ஏஞ்சலினை ஒரு தடவைகூடக் கேட்காத ஒரே ஆள் மெஹராஜ்தான். அந்த அரைமணி நேரத்துக்காகவே அவள் வேலைக்கு வந்தாள் என்றால்கூடத் தப்பில்லை.

அவள் மட்டும் போயிருக்கலாம். ஆனால் ஒன்பது வருடத் தற்காலிக வேலையை நிரந்தரமாக்கும் காகிதம் மேனேஜர் மேசையில் கிடந்தது. அவர் கையெழுத்துப் போட்டுக் கோயம்புத்தூர் தலைமை ஆபீசுக்கு அனுப்பினால்தான் உண்டு.

மூன்றாவது வாரம், ஒரு சாயங்காலம், மெஹராஜ் ஹாஸ்டல் வாசலுக்கே வந்துவிட்டாள்.

“அக்கா, ஒங்க ஆபீஸ்ல யாருக்கும் எங்க பண்டம் வயித்துக்குச் சேரலையா?”

ஏஞ்சலின் தபசுகாலத்தைப் பற்றிச் சொன்னாள். மெஹராஜுக்கு உடனே விளங்கியது. அவளுக்கு நோன்பு தெரியாததா. ஆனால் பக்கத்து பேங்க்காரர்களுக்கும் இன்சூரன்ஸ்காரர்களுக்கும் அது விளங்கவில்லை. ஓர் ஆபீஸே ஒரே நாளில் நின்றுபோனதைப் பார்த்துவிட்டு, முட்டை கெட்டிருந்தது, சட்னியில் பல்லி கிடந்தது என்று ஆளுக்கொன்றைக் கிளப்பிவிட்டு அவர்களும் நின்றுவிட்டார்கள். திரும்பக் கொடைக்கானலுக்கே போய்விடலாமா என்று நூர் அகமது யோசிக்கிறாராம்.

“நீங்க ஒரு நாளைக்கு வந்து வாசல்ல ஒக்காந்து சாப்டுங்கக்கா. நாலு பேரு பாத்தாப் போதும்.”

“நாளைக்கே வாரேன்” என்றாள் ஏஞ்சலின்.

மறுநாள் சந்து முனைவரை போகவும் செய்தாள். மெஸ் வாசலில் பல் குத்திக்கொண்டு நின்ற மேனேஜர், அந்தப் பக்கம் என்ன சோலி என்று கேட்டார். தபால் போடப் போவதாகச் சொன்னாள். கையில் தபால் எதுவும் இல்லை. அதைக்கூடக் கவனிக்கத் துப்பில்லாத ஆள் அவர். போயும் போயும் இவருக்கா பயப்படுகிறோம் என்று தன்மேலேயே காறித் துப்பலாம்போல் இருந்தது. திரும்பி வந்து டப்பாவைத் திறந்தாள். அதற்கடுத்த நாளும் போகவில்லை.

பெரிய வியாழனன்று கோயம்புத்தூரிலிருந்து உத்தரவு வந்தது. தன் சொத்தில் பாதியை எழுதிக்கொடுப்பதுபோல் மேனேஜர் அதை நீட்டினார். அவள் கைகூப்பி நன்றி சொன்னாள்.

ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமை மேனேஜர் தன் படையோடு சந்துக்குள் புறப்பட்டார். கடை வாசலில் ஒரு ஈ, காக்கை இல்லை. நூர் அகமது போன வாரமே கொடைக்கானலுக்குப் போய்விட்டார் என்றும், இருக்கிற சாமான் தீரும்வரை மெஹராஜ் ஒருத்தியாகக் கடையை ஓட்டுகிறாள் என்றும் பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். நாம் இல்லாமல் கடையே படுத்துவிட்டது பார்த்தீர்களா என்று மேனேஜர் பெருமையாகச் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள்.

“ஏஞ்சலினு, ஒனக்குத்தான் அந்தப் பிள்ள பழக்கமாச்சே. நாப்பது நாளு பசின்னு சொல்லு. வெண்ணெயைத் தாராளமாப் போடச் சொல்லு.”

ஏஞ்சலின் உள்ளே போனாள். சொல்ல வேண்டியதையெல்லாம் இரண்டு நாளாக மனசுக்குள் ஓட்டிப் பார்த்து வைத்திருந்தாள். அந்தக் காகிதம், ஒன்பது வருடம், சந்து முனைவரை வந்துவிட்டுத் திரும்பியது. சுற்றி வளைத்து எப்படிச் சொன்னாலும், வெளியே நிற்கிற அந்தக் கும்பலோடு என்னைச் சேர்த்துவிடாதே என்பதுதான் மொத்தமும். மெஹராஜ் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். வந்தது யார் என்று தெரிந்தும் தலையை நிமிர்த்தவில்லை.

“எத்தனை பேரு?”

வெளியே மேனேஜர் ஏதோ சொல்ல, மொக்கைச்சாமி விழுந்து விழுந்து சிரித்தார். தன்னைச் சேர்க்காமல் ஏழு என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்றுவிடலாமா என்று ஏஞ்சலின் ஒரு நிமிஷம் நினைத்தாள்.

“எட்டு” என்றாள்.

மெஹராஜ் எழுந்து அடுப்பைத் தூண்டிவிட்டாள். ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்தாள். துண்டுகளை ஜோடி ஜோடியாகப் பலகையில் எடுத்து வைத்தாள். எட்டாவது ஜோடியையும் மற்றதோடு சேர்த்து வைத்துவிட்டு, கல்லில் ஒரு கை தண்ணீர் தெளித்தாள். அது சுர்ரென்று ஆவியாகி இரண்டு பேர் முகத்துக்கும் நடுவே எழும்பியது.