பன்னிரண்டு நிமிஷம்

நான்காம் முறையும் ஆறு இலக்கத்தை அடித்தாள் நிசாந்தினி. விரல் வியர்த்து வழுக்கியது. போன் திரை ஒரு கணம் சுழன்றது. பிறகு சிவப்பு எழுத்து வந்தது.

'குறியீடு தவறு. இன்னும் ஒரு முயற்சி மட்டுமே உள்ளது.'

நேரம் எட்டு ஐம்பத்தைந்து. ஒன்பதுக்குள் உள்ளே போகாவிட்டால் பிந்தல். இந்த மாதம் ஏற்கெனவே இரண்டு பிந்தல்: ஒன்று கரண்ட் போனதால், மற்றது மழையில் சிக்னல் செத்ததால். மூன்றாவது விழுந்தால் வேலை இல்லை. காரணம் சொல்லலாமென்றால் கேட்க ஆளில்லை. கணக்கை மூடுவது இயந்திரம்.

அவளுடைய வேலையே இதுதான். கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லும் ஒரு சாட்பொட். அதற்குள் நுழைய முடியாமல் உலகமெங்கும் திண்டாடும் தமிழ்ச் சனத்துக்கு, எழுவைதீவில் ஒரு ஓட்டு வீட்டின் மூலையில் இருந்து, போனில் ஒரு சின்ன விசைப்பலகையைக் கொழுவிக்கொண்டு, வழி சொல்லிக் கொடுப்பாள். கணவன் அனோஜனுக்கு மேசன் வேலை வாரத்தில் இரண்டு நாள் கிடைத்தால் பெரிய காரியம். அடுப்பு எரிவது இந்தப் போனில்தான்.

யாழ்ப்பாணத்தில் இருக்கும் மேற்பார்வையாளர் ஜெயந்தாவுக்கு அழைப்பெடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, என்னை உள்ளுக்கு விடுதில்லை."

"நேற்று நல்லாத்தானே செய்தனீர்?"

"நேற்றுப் பழைய போன். அது கிணத்தடியிலை விழுந்து உடைஞ்சு போச்சு. பின்னேரப் படகிலை தங்கச்சி தன்ரை பழசை அனுப்பினவள். குறியீடு தாற செயலியை அதிலை ஏத்தினனான். இலக்கம் வருது, ஆனா பிழையெண்டுது."

"சரி, நீர் சனத்துக்குச் சொல்லுறதையே உமக்குச் சொல்லுறன், சிரிக்காதையும். இணையம்?"

"கிடக்கு."

"கடவுச்சொல்?"

"அது சரி. அடுத்த கட்டத்திலைதான் நிக்குது."

"கேஷ் அழிச்சனீரோ?"

"அழிச்சனான்."

"போனை நிப்பாட்டிப் போட்டனீரோ?"

"மூண்டு தரம்."

"போனிலை நேரம்?"

"அது தானா வாறதுதானே அக்கா."

"அப்ப உமக்குப் பேய்தான் பிடிச்சிருக்கு. எண்பது வயசுக் கிழவனையெல்லாம் உள்ளுக்கு அனுப்பின ஆள், இப்ப வாசல்லை நிக்கிறீர்."

நிசாந்தினிக்குச் சிரிப்பு வரவில்லை. "இன்னும் ஒரு தரம்தான் கிடக்கு. அதுவும் பிழைச்சா பூட்டிப்போடும் அக்கா."

"அவசரப்படாதையும். கால் மணித்தியாலம் கிட்டக் கிடக்கு."

போனைப் பார்த்தாள். எட்டு ஐம்பத்தெட்டு.

"ரெண்டு நிமிஷமெல்லோ?"

"என்ன விசர்க்கதை? எட்டு நாற்பத்தாறு."

நிசாந்தினியின் தலை தானாக நிமிர்ந்தது. சுவர் மணிக்கூட்டிலும் எட்டு ஐம்பத்தெட்டு.

படகை நம்பி வாழும் தீவு. மணிக்கூட்டை ஐந்து நிமிஷம் கூட்டி வைக்காத வீடு அங்கே குறைவு. ஆனால் இந்த வீட்டு மணிக்கூடு சரியாகப் பன்னிரண்டு நிமிஷம் முன்னுக்கு ஓடும். இரண்டு வருஷமாக அதில் ஒரு நிமிஷம் கூடியதும் இல்லை, குறைந்ததும் இல்லை.

"இஞ்சருங்கோ!"

வேலி அடைத்துக்கொண்டிருந்த அனோஜன் கையில் தென்னோலைக் கிடுகோடு ஓடி வந்தான்.

"என்ன, என்ன நடந்தது?"

"இந்தப் போனிலை நேரத்தை மாத்தினீங்களோ?"

அவன் அவளைப் பார்க்காமல் போனைப் பார்த்தான். "ஓம். நேற்று, நீர் குளிக்கேக்கை."

"வேலைப் போனைத் தொட வேண்டாமெண்டு எத்தினை தரம் சொன்னனான்?"

"உடைஞ்ச போன் எப்பவும் பூட்டிக் கிடந்தது. இது திறந்து கிடந்தது."

"வீட்டுக்குள்ளை இருந்து வேலை செய்யிறன். நான் எந்தப் படகைப் பிடிக்கப் போறன்?"

அவன் கிடுகின் நுனியைப் பிய்த்துக்கொண்டு நின்றான்.

"என்னடியப்பா அங்கை சண்டை?" என்றது ஸ்பீக்கர்.

"நேரம்தான் பிழை அக்கா. குறியீடு நேரத்தை வைச்சுத்தானே வாறது. போன் பன்னிரண்டு நிமிஷம் முன்னுக்கு நிக்குது."

ஜெயந்தா விழுந்து விழுந்து சிரித்தாள். "பன்னிரண்டு நிமிஷத்தாலை என்ன குடியா முழுகிப்போகுமெண்டு கேளும் உம்மடை மனுசனை!"

"வைக்கிறன் அக்கா," என்று நிசாந்தினி துண்டித்தாள்.

போனின் அமைப்புகளுக்குள் போனாள். 'தானியங்கி நேரம்' என்ற வரிக்கு மேல் விரலை வைத்தாள்.

"கொஞ்சம் பொறும்," என்றான் அனோஜன். பிறகு முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டான். "சரி. மாத்தும்."

ஒன்பது ஒன்று, எட்டு நாற்பத்தொன்பதாகப் பின்னுக்கு விழுந்தது. கடைசி முயற்சி. புதிய ஆறு இலக்கம். பச்சை வந்தது. உள்ளே போய்விட்டாள்.

முதல் ஆள் ஏற்கெனவே காத்திருந்தார். நோர்வேயில் இருந்து யாரோ. 'எல்லாம் செய்து பார்த்தாயிற்று, உள்ளே போக முடியவில்லை.'

'வணக்கம், பதறவேண்டாம்,' என்று அடித்தாள். 'முதலில் உங்கள் போனில் நேரம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.'

அனோஜன் சுவர் மணிக்கூட்டுக்குக் கீழே நின்றான். அதில் கை வைக்கவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முதல், அந்த மணிக்கூட்டுக்கு ஒரு பற்றரி வாங்க நாளைக்கு, நாளைக்கு என்று விட்டிருந்தான். அது மெல்லப் பின்னுக்கு ஓடிக்கொண்டிருந்தது, யாரும் கவனிக்கவில்லை. ஒரு விடியற்காலை, படகுக்கு இன்னும் நேரம் கிடக்கென்று அதைப் பார்த்துச் சொல்லிவிட்டு, காய்ச்சலில் வலிப்பு வந்த நாலு வயது மகள் கஜாலினியை ஈரத் துணியால் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு இறங்குதுறைக்குப் போனான். நிசாந்தினி செருப்பில்லாமல் பின்னால் ஓடினாள். துறையில் ஒரு கிழவரைத் தவிர ஒருவரும் இல்லை. மீன்பிடி வள்ளங்கள் எல்லாம் கடலில். காலைப் படகு தூரத்தில் ஒரு புள்ளி.

வலை தைத்துக்கொண்டிருந்த கிழவர் தம்பையா தன் கைமணிக்கூட்டைப் பார்த்தார்.

"படகு வெளிக்கிட்டுப் பன்னிரண்டு நிமிஷம், தம்பி."

மதியப் படகு வந்தபோது அவர்களுக்கு அவசரம் எதுவும் இருக்கவில்லை.