நாற்பது மைல் கட்டில்

தையல்காரரின் கட்டில் நாற்பது மைல் நீளத்துக்கு வளர்ந்தபோது கடைத்தெருவில் யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. விறகு விலை ஏறிய வருஷம் அது. அவரவர் பாடு அவரவருக்கு.

எல்லாம் அவருடைய குறட்டையால் வந்த வினை. கல்யாணமான மறுவாரமே, "உங்க பக்கத்துல மனுஷி தூங்குவாளா?" என்று அவர் மனைவி தலையணையைத் தூக்கிக் கால்மாட்டில் போட்டுக்கொண்டாள். அதிலிருந்து அவர் தலை சுவர்ப் பக்கம், அவள் தலை ஜன்னல் பக்கம். மற்றபடி சண்டை சச்சரவு கிடையாது. பகலெல்லாம் அவர் சட்டை தைப்பார், அவள் காஜா எடுத்துப் பட்டன் கட்டுவாள்.

பிறகு நாட்டை இரண்டாகப் பிரித்தார்கள்; புது எல்லைக்கோடு கட்டிலின் நடுவில் விழுந்தது. தூங்குகிறவரின் தலை எந்தப் பக்கமோ அந்த நாட்டுப் பிரஜை என்பது சட்டம். கணக்கெடுப்பவர்கள் விடியும்போதே வந்து, அவரை ஒரு நாட்டில் எழுதினார்கள், அவளை இன்னொன்றில்.

"ஐயா, இருங்க, இதோ தலைய மாத்தி வச்சுக்கிறேன்" என்று பதறி எழுந்தாள்.

"எழுதியாச்சும்மா" என்றார் அதிகாரி.

அன்றே கட்டில் ஒரு முழம் நீண்டது. மழைக்காலத்துக்குள் பேச்சு எட்டவில்லை. மறுவருஷம் ஆளே தெரியவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் வீடு என்னவோ பழைய வீடுதான். அவர் தைத்த சட்டைகளை மூட்டை கட்டி மெத்தைமேல் உருட்டிவிடுவார். அவள் காஜா எடுத்துத் திருப்பி உருட்டுவாள். அவரோடு சேர்ந்து இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது. ஏறி இறங்காத ஆபீஸ் இல்லை. "உங்க வீட்டுக்காரர் வெளிநாட்டுக்காரராச்சேம்மா" என்றார்கள். "ஒரே கட்டில்லதான்யா படுத்திருக்கோம்!" என்று கத்தியும் பார்த்தாள். ராத்திரியில் குறட்டை மட்டும் மெலிதாக வந்து சேரும். அது கேட்காமல் அவளுக்குத் தூக்கம் பிடிப்பதில்லை.

இருவருக்கும் வயதாகிவிட்ட ஒரு கோடையில் மூட்டைகள் நின்றுபோயின. ஆனால் குறட்டை நாளுக்கு நாள் பலத்தது. "அட மனுஷா, நடந்தே வர்றீங்களா!" என்று அவள் சிரித்துக்கொண்டே அழுதாள். புது விரிப்பு விரித்தாள்.

அந்த வாரம் இரண்டு அரசுகளும் சமாதானமாகி எல்லையை ஆற்றுக்கு அப்பால் தள்ளிவைத்தன. ஒரே மத்தியானத்தில் கட்டில் பழைய அளவுக்குச் சுருங்கியது. அவர் பாதி வழியில் இருந்தார். மெத்தை நடுவில் ஓர் ஆள் நீளப் பள்ளம் மட்டும் மிஞ்சியது, அதிலிருந்து குறட்டை வந்தது.

மறுபடி கணக்கெடுக்க வந்தவர்கள் நின்று கேட்டார்கள்.

"தலை எங்கம்மா?"

"சத்தம் கேக்கலையா உங்களுக்கு?"

"கேக்குதும்மா. தலை இல்லாம எந்த நாட்டுலயும் எழுத முடியாது."

வயிறெரிய அழுதாள். அழுது ஓய்ந்ததும் தலையணையை எடுத்துச் சுவர்ப் பக்கம் போட்டாள். இன்றைக்கும் அந்தப் பள்ளத்தை ஒட்டித்தான் படுக்கிறாள். சத்தம் மிஞ்சிப்போனால், "கொஞ்சம் திரும்பிப் படுங்களேன்" என்பாள். பள்ளம் திரும்பிப் படுத்துக்கொள்ளும்.