முட்டியளவு மரங்கள்

1

என் மச்சினன் சிங்காரத்துக்கு வந்த பயம் எனக்கும் தொற்றியதால்தான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன். அவனுக்கு வேலை போனால் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசையில், இருக்கும் வீடு போகும். வீடு போனால் அவனும் அவன் மனைவி சீதாவும் கட்டில், பீரோ, சாமி படங்களோடு ரிங்லெட்டில் இருக்கும் என் வீட்டுக்குத்தான் வருவார்கள். என் வீட்டில் இரண்டே அறை. ஆகவே இந்தக் கதை எப்படி முடிய வேண்டும் என்பதில் எனக்குச் சொந்த அக்கறை இருக்கிறது. கதை எழுதுகிறவர்கள் இதையெல்லாம் முன்கூட்டியே சொல்லமாட்டார்கள். நான் சொல்லிவிட்டேன். இனி நம்புவதும் விடுவதும் உங்கள் பாடு.

நானும் லேசில் யாரையும் நம்புகிறவனில்லை. படித்தவர்களை நம்பிப் பழக்கமில்லை. படிக்காதவர்களோடேயே வளர்ந்ததால் அவர்களையும் நம்புவதில்லை.

2

தேயிலைச் சரிவுகளின் மேல் பனி ஒரு வெள்ளைப் போர்வையைப்—

வேண்டாம். காசு செலவழித்து மலையேறி வருகிறவன் எழுதுகிற வரி அது. எங்களுக்குப் பனி என்றால் காயாத துணி.

சிங்காரம் நல்ல உழைப்பாளி. வாயில்லாப் பூச்சி. ஒருவருக்கும் தீங்கு நினையாத—

இதுவும் வேண்டாம். இழவு வீட்டில் பேசுவது போலிருக்கிறது. அவன் உயிரோடு இருக்கிறான். வாயும் உண்டு.

நடந்ததை நடந்தபடியே சொல்லிக்கொண்டு போகிறேன். அலங்காரம் வேண்டுமென்றால் நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

3

தோட்டத்தின் மேல் எல்லையில் தேயிலை முடிகிற இடத்தில் காடு தொடங்குகிறது. அதில் ஒரு துண்டைப் பல்கலைக்கழகத்துக்காரர்கள் கயிறு கட்டிப் பிரித்து வைத்திருக்கிறார்கள். உள்ளே எந்த மரம் பிறக்கிறது, எது வளர்கிறது, எது சாகிறது என்று பல வருடமாக அளந்து பார்க்கிற வேலை.

சிங்காரம் களையெடுக்கும் ஆட்களை மேய்க்கிற மண்டோராக இருந்தவன். களையெடுப்புக்கு வெளிநாட்டு ஆட்கள் வந்த பிறகு அவர்களுக்குள்ளேயே ஒருவன் மண்டோரானான். தோட்டத்தை நடத்தும் துரை இரக்கப்பட்டுச் சிங்காரத்தைக் காட்டுத் துண்டுக்குக் காவல் போட்டார். தோட்டத்தில் பெயர் இருக்கும்வரை லயத்தில் வீடு இருக்கும். பிள்ளைகள் வேலைக்காக ஈப்போ பட்டணத்துக்கு இறங்கிவிட்டார்கள். அந்த வீட்டைத் தாங்கிக்கொண்டிருப்பது சிங்காரத்தின் பெயர் ஒன்றுதான்.

வேலை கனமில்லை. பாதையில் விழுந்த கிளைகளை அகற்றவேண்டும். ஆர்கிட் பூ பறிக்க வருகிறவர்களைத் துரத்தவேண்டும். கோலாலம்பூரிலிருந்து ஆராய்ச்சிக்கு வரும் ரூபினி என்ற பெண் பெரிய மரங்களைச் சுற்றி அளக்கும்போது டேப்பின் மறுமுனையைப் பிடிக்கவேண்டும். பெரிய மரங்களில் ஆணியடித்து நம்பர் தகடு மாட்டியிருந்தார்கள். முட்டியளவு நிற்கும் சின்னதுகளில் தகட்டைக் கம்பியால் கட்டியிருந்தார்கள். சின்னதுகளை அவளும் மாணவர்களும் குனிந்து அளப்பார்கள். அந்த நேரத்தில் சிங்காரம் தள்ளிப்போய் உட்கார்ந்து சிகரெட் பிடிப்பான். அவை எதற்கு என்று அவன் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.

(இந்த இடத்தில் யார்மேல் குற்றம் என்று எழுதலாம் என்று பார்த்தேன். இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கிறது. விட்டுவிட்டேன்.)

பிறகு சேதி வந்தது. வெளிநாட்டிலிருந்து ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கிற ஆட்கள் காட்டைப் பார்க்க வருகிறார்கள். துரையும் கூட வருகிறார்.

துரை வருகிறார் என்றால் என்ன செய்யவேண்டும் என்று தோட்டத்தில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். சுத்தம் செய்யவேண்டும்.

4

விடிந்ததும் சிங்காரம் கவாத்துக் கத்தியோடு மேலே ஏறினான். தேயிலையைக் கவாத்து வெட்டுகிற கத்தி. அவன் கைப்பிடிக்குப் பழகியது. கயிற்றைத் தாண்டி உள்ளே நின்று பார்த்தபோது அவனுக்கு வெட்கமாக இருந்தது. பெரிய மரங்களின் காலடியில் முட்டியளவுச் செடிகள், இலைக்குப் பாசி பிடித்து, வளர்ச்சி இல்லாமல் நின்றன. அவன் காவலுக்கு வந்த நாளிலிருந்து அவை ஒரு விரலும் உயரவில்லை. நாற்றுமேடையில் இப்படி நிற்கும் நாற்றைப் பிடுங்கி எறியாத மண்டோரைச் சோம்பேறி என்பார்கள்.

தகடு வேறு கட்டியிருந்தது. தோட்டத்தில் நோய் கண்ட தேயிலைச் செடிக்குத்தான் அடையாளம் கட்டுவார்கள். கட்டிப்போட்டுவிட்டு ஒருவர் போனால், பின்னால் வருகிறவர்கள் அந்தச் செடியை வெட்டி எடுத்துவிட வேண்டும். எடுக்கவேண்டியவற்றைப் படித்த பிள்ளைகள் அடையாளம் கட்டிவிட்டு, குனிந்து வேலை செய்யத் தெம்பில்லாமல் விட்டிருக்கிறார்கள் என்று சிங்காரம் நினைத்தான். அவர்கள்மேல் அவனுக்குக் கொஞ்சம் பரிதாபம்கூட வந்தது.

சாயங்காலத்துக்குள் எல்லாச் செடியையும் வெட்டித் தள்ளினான்; அந்த இடம் கூட்டிவிட்ட கோயில் பிரகாரம் போலாகிவிட்டது. தகடுகள் யாருடைய சாமானோ, வீணாகக் கூடாது என்று கம்பியைப் பிரித்து ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒரு மைலோ டின்னில் போட்டு மூடினான். டின்னைக் கழுவித் துடைத்துக் கொடுத்தவள் சீதா.

5

வந்தவர்கள் பார்த்தார்கள். படம் பிடித்தார்கள். காடு இவ்வளவு சுத்தமாக இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை என்று ஒருவர் சொன்னதாகத் துரை சிங்காரத்திடம் சொல்லி, தோளில் தட்டினார். ரூபினி எல்லோருக்கும் பின்னால் நின்றாள். சிங்காரம் அவளிடம் போய் டின்னை நீட்டினான்.

"மிஸ், ஒண்ணுகூடத் தொலையல."

அவள் திறந்து பார்த்தாள். மூடினாள். பைக்குள் வைத்துக்கொண்டாள். தனக்கு வேலை இருக்கிறது என்று மற்றவர்களை ஜீப்பில் அனுப்பிவிட்டு, மண்ணில் முட்டி போட்டு உட்கார்ந்து வெட்டுப்பட்டு நின்ற ஒவ்வொரு குச்சியாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு போனாள். சிங்காரம் பின்னாலேயே போனான். ஏதோ ஆகிவிட்டது என்று அவனுக்குப் பட்டது. என்னவென்று தெரியவில்லை.

"இது நான் தமிழ்ப்பள்ளியில நாலாம் ஆண்டு படிக்கறப்ப எங்க ப்ரொஃபெசர் கட்டின தகடு, அங்கிள்" என்றாள் கடைசியில், டின்னிலிருந்து ஒன்றை எடுத்துக் காட்டி. "அப்பவே இந்தச் செடி முட்டி உயரம்."

பிறகு மெதுவாகச் சொன்னாள். காட்டில் இரண்டு சாதி மரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மகாங்* மாதிரி மரத்துக்குக் கட்டை பஞ்சு. வெளிச்சம் கிடைத்தால் கிடுகிடுவென்று ஏறும், கூட்டம் கூட்டமாகப் பிறக்கும், கூட்டம் கூட்டமாகச் சாகும். கட்டை இறுகிய சாதி அப்படியில்லை. நிழலில் பிறந்து, முட்டியளவு வந்து, அப்படியே நிற்கும். மேலே ஒரு பெரிய மரம் விழுந்து வெளிச்சம் இறங்கும்வரை வருடக்கணக்கில் காத்திருக்கும். ஓடைப் பள்ளத்தில் ஈரம் அதிகம் என்பதால் ஒரு கணக்கு, காற்றடிக்கும் முகட்டில் வேறு கணக்கு. எது எவ்வளவு காலம் தாக்குப் பிடிக்கிறது என்று தெரிந்தால்தான் இந்தக் காடு நாளைக்கு என்னவாகும் என்று சொல்லமுடியும். அதற்காகத்தான் சின்னதுகளுக்குத் தகடு.

சிங்காரம் கீழே இறங்கினான். தேயிலை வரிசைகளுக்கு நடுவே வந்ததும் நின்றுவிட்டான். இரண்டு பக்கமும் இடுப்பளவில் நிற்கும் செடிகள் வெள்ளைக்காரன் காலத்தில் நட்டவை. அவன் அப்பாவைவிட மூத்தவை. வெட்டி வெட்டி இடுப்பில் நிறுத்தி வைத்த கிழட்டு மரங்கள். இது அவனுக்குத் தெரியாததா? வாழ்நாள் முழுக்க அவற்றின் நடுவே நடந்தவன். உயரத்தை வைத்து வயதைச் சொல்லக்கூடாது என்று மற்ற யாருக்குத் தெரியாவிட்டாலும் தேயிலைக்காரனுக்குத் தெரியவேண்டும். வரிசை நடுவே உட்கார்ந்து அழுதான்.

---
* மலாய்க்காரர்கள் வைத்த பெயர். இலை தட்டு அளவு. மண் சரிந்த இடத்தில் முதலில் வந்து நிற்கும். திரிங்காப் ஊரிலிருந்து காய்கறி லோரி ஓட்டிய காலமெல்லாம் பாதையோரத்தில் நான் அதிகம் பார்த்த மரம் இதுதான். பெயரைக் கேட்டது இப்போதுதான்.

6

மேலே உள்ளதைச் சிங்காரத்துக்கு வாசித்துக் காட்டினேன். தவறு.

"நான் அழுவல மாமா" என்றான்.

உட்கார்ந்தாயே என்றேன்.

"உக்காந்தேன். மூச்சு வாங்குச்சுலா. அதுக்கு அழுதேன்னு எழுதுவீங்களா?"

சீதாவுக்கு வேறு குறை. காட்டுப்பன்றி தின்றுவிட்டது என்று சொல்லியிருந்தால் இந்தக் கதையே வந்திருக்காது என்றாள். மனுசன் டின்ல போட்டு மூடிக் கொண்டுபோய்க் குடுத்தாரு பாருங்க, அதுவும் நான் துடைச்ச டின்னு, என்று தலையில் அடித்துக்கொண்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது. சிங்காரத்துக்கு வரவில்லை.

அழுததை அடித்துவிடுகிறேன். உட்கார்ந்தான். அவ்வளவுதான்.

7

இந்த ரூபினியை எனக்கு எழுதவரவில்லை. முதலில் எழுதியபோது சிங்காரத்தைக் கண்டபடி திட்டினாள். பொய். அடித்துவிட்டு, பெரிய மனசோடு மன்னிக்கிற மாதிரி எழுதினேன். அது அதைவிடப் பெரிய பொய்; அப்படிப்பட்ட பெண் சினிமாவில்தான் வருவாள். கடைசியில் ரிங்லெட் பஸ் நிற்கும் இடத்தில் அவளை ஒருநாள் பார்த்து நேராகவே கேட்டேன்: ஏன் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை? உனக்கு இதில் என்ன லாபம்?

அவள் கோபப்படவில்லை. அசதியாக இருந்தாள்.

"சொன்னா அங்கிளுக்கு வேலை போயிரும். சும்மா செத்துப்போச்சுன்னு எழுதினா, இந்தச் சாதி மரம் நிழல்ல நிக்காது, சீக்கிரம் சாகும்னு என் கணக்கு சொல்லும். அது பொய். அந்தப் பொய்ய நம்பி நாளைக்கு வேற எங்கயாவது ஒரு காட்டுல பெரிய மரத்த வெட்டி வெளிச்சத்துக்குத் திறந்து விட்ருவாங்க. ரெண்டுல எதைச் செய்யறது, நீங்க சொல்லுங்க."

என் வீட்டு இரண்டாவது அறைதான் ஞாபகத்துக்கு வந்தது.

அவளுக்கு ஒரு பிடி கிடைத்திருந்தது. அன்றைக்குக் குச்சிகளைத் தொட்டுப் பார்த்தபோதே கேட்டாளாம்: எல்லாம் ஒரு சாண் விட்டு, ஒரே பக்கமாகச் சாய்வாக வெட்டியிருக்கிறதே, ஏன்?

"கவாத்துக் கத்தி கையில இருந்தா வேற எப்படி மிஸ் விழும்?" என்றானாம் சிங்காரம். "நேரா வெட்டினா தண்ணி நின்னு அழுகிடும். கட்டை உள்ளத தரையோட வெட்டக் கை வரல."

தேயிலை அப்படி வெட்டினால்தான் துளிர்க்கும். இந்தக் காட்டுச் சாதிகளில் சில வெட்டினால் துளிர்க்கும், சில துளிர்க்காது, எது எது என்று தனக்கே நிச்சயமில்லை என்றாள் அவள். மழைக்காலம் முடியட்டும், வந்து பார்க்கிறேன். பாதியாவது துளிர்த்திருந்தால், வெட்டுப்பட்டுப் பிழைத்தது என்று உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டு, மேலே இருப்பவர்களிடம் பேசி அங்கிளைக் காப்பாற்ற வழி பார்க்கலாம். ஒன்றும் துளிர்க்கவில்லை என்றால் சொல்லியாக வேண்டும். அதுவரை ஒன்றையும் தொடாதீர்கள். களை முளைத்தாலும் தொடாதீர்கள் என்று அங்கிளிடம் சொல்லுங்கள்.

8

முடிவு ஒன்று: எல்லாம் துளிர்த்துவிட்டன. துரை கைகொடுத்தார். சீதா பொங்கல்—

இதை எழுதும்போதே எனக்குக் கொட்டாவி வந்தது.

முடிவு இரண்டு: ஒன்றும் துளிர்க்கவில்லை. லோரியில் கட்டிலை ஏற்றினார்கள். என் வீட்டுக்காரி இரண்டாவது அறையை ஒழித்துக் கொடுத்தாள். அவளுக்குத் தம்பிமேல் உயிர். என்னைக் கேட்காமலே மெத்தையைத் திருப்பிப் போட்டாள். (இதை எழுதி முடித்து நாலு நாள் சரியாகத் தூங்கவில்லை.)

முடிவு மூன்று: அதை எழுதுமுன் நானே போய்ப் பார்த்துவிடலாம் என்று, முட்டி வலியோடு சிங்காரத்தின் பின்னால் மேலே ஏறினேன்.

9

சுத்தம் செய்த இடம் சுத்தமாக இல்லை. கீழே அடர்த்தி போனதும் ஓரத்திலிருந்து வெளிச்சம் சாய்ந்து உள்ளே இறங்கியிருந்தது. இறங்கிய இடமெல்லாம் மகாங். எப்போது விதை விழுந்ததோ, மொத்தமாகக் கிளம்பி, தட்டுத் தட்டாக இலை விரித்து நின்றன. அவற்றின் அடியில் சிங்காரம் வெட்டிய குச்சிகள்.

அவன் குனிந்து ஒரு குச்சியைக் காட்டினான். வெட்டுக்குக் கீழே ஒரு சிவப்புப் புள்ளி.

"துளிர் மாமா."

எனக்குப் பூச்சி முட்டை போலத்தான் தெரிந்தது. கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். அப்போதும் நிச்சயமில்லை. நிச்சயமில்லை என்று சொல்லவும் மனசு வரவில்லை. இன்னும் சில குச்சிகளில் அப்படிப் புள்ளிகள் இருந்தன. பலவற்றில் இல்லை.

சிங்காரத்தின் கண் புள்ளிமேல் இல்லை. மேலே விரிந்த மகாங் இலைமேல் இருந்தது. கை இடுப்புக்குப் போனது. கத்தி இடுப்பில்தான் இருந்தது.

"இத மட்டும் எடுத்துட்டா அது பொழச்சுக்கும்" என்றான். "நாலே வீச்சு. யாருக்குத் தெரியும்?"

நிழலில் நிற்கிற சாதி என்று அந்தப் பெண் சொன்னாளே என்றேன்.

"சொன்னாங்க. நிக்கும்னு நீங்க நம்புறீங்களா?"

என்னிடம் கேட்கிறான். பக்கத்து வீட்டுக்காரன் நேரம் சொன்னாலும் கடிகாரத்தைப் பார்க்கிறவன் நான். அவன் இடுப்பிலிருந்து கத்தியை உருவி, என் தோள்துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு இறங்கினேன். அவன் தடுக்கவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

10

கத்தி என் வீட்டில், கதவுக்குப் பின்னால் நிற்கிறது. மழை இன்னும் விடவில்லை. ரூபினி இன்னும் வரவில்லை.

இந்தப் பத்தியை எழுதிக்கொண்டிருக்கும்போது சிங்காரம் வாசலில் வந்து நிற்கிறான். லயத்திலிருந்து நனைந்துகொண்டே வந்திருக்கிறான். கத்தி வேண்டுமாம். வீட்டுக்குப் பின்னால் சீதா வைத்த ரோஜாவைக் கவாத்து வெட்டவேண்டுமாம். காட்டுப் பக்கமே போகமாட்டேன், சத்தியம் மாமா, என்கிறான்.

சீதா வீட்டில் ரோஜா இருப்பது உண்மை. போன தடவை போனபோது பார்த்தேன், வெட்டவேண்டிய நிலையில்தான் இருந்தது. மழைக்காலத்தில் ரோஜாவைக் கவாத்து வெட்டமாட்டார்கள் என்பதும் உண்மை. அவன் வெட்டக்கூடியவன் என்பதும் உண்மை; கை சும்மா இருந்தால் அவனுக்குச் சோறு இறங்காது.

துளிரா, பூச்சி முட்டையா? அந்த மரம் இன்னும் பத்து வருடம் நிழலில் நிற்குமா, நிற்காதா? அது தெரியவரும்போது நான் இருக்கமாட்டேன். இவ்வளவு நேரம் படித்த நீங்கள் இருக்கலாம்.

என் வீட்டுக்காரி அடுப்படியிலிருந்து, தம்பி நனையறான், கேட்டத குடுத்து அனுப்புங்க என்கிறாள். எனக்கு முட்டி வலிக்கிறது. நான் எழுந்திருக்கப் போவதில்லை. அவனுக்கும் எனக்கும் நடுவில் நீங்கள்தான் இருக்கிறீர்கள். கத்தி நிற்கும் கதவு உங்கள் பக்கம்; கொடுப்பதும் விடுவதும் உங்கள் பாடு.