சூடு தூக்கும் பெட்டி

விடுதியின் மொட்டைமாடியில் வரிசையாக நிற்கும் ஏசிப் பெட்டிகள்தான் சலவைக்காரிக்கு வெயில். கோடையில் அவை அனல் கக்கும். எதிரே கொடி கட்டி விரிப்புகளைப் போட்டால், ஒரு கண் அசந்து எழுவதற்குள் காகிதமாக மொறுமொறுத்துவிடும்.

அன்று எலும்பைத் துளைக்கிற குளிர். மாலைக்குள் விரிப்புகள் வராவிட்டால் சலவையை வெளியே கொடுத்துவிடுவதாக மேலாளர் கறாராகச் சொல்லியிருந்தார். பெட்டிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. விரிப்புகளோ சொதசொதவென்று தொங்கின.

அதே விடுதியில் சுமை தூக்கும் அவள் புருஷன், அறைக்குக் கட்டிலை ஏற்றிவிட்டு மாடிக்கு வந்தான். பெட்டியின் எதிரே முகத்தை நீட்டினான். சில்லென்று அடித்தது. கட்டில் போட்ட அறையிலோ கதகதப்பு. கோடையில் உள்ளே குளிர், வெளியே அனல். இப்போது அப்படியே தலைகீழ். இது அவன் மண்டையைக் குடைந்தது.

"இப்பதான் ஆராய்ச்சி வருது உங்களுக்கு. பொழப்பு போகப்போகுது" என்றாள் அவள்.

கடைசிப் பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்த மெக்கானிக்கிடம் போய்க் கேட்டான்.

"இது சூட்டை உண்டாக்கறதில்லண்ணே. உங்கள மாதிரிதான், ஒரு இடத்துல தூக்கி இன்னொரு இடத்துல இறக்குது. கோடையில அறையில இருந்து வெளிய, இப்ப வெளிய இருந்து அறைக்கு. உள்ள ஒரு வால்வு திரும்பினா பாதை மாறிடும்."

"வெளியதான் பல்லு கிட்டுதே, தூக்கறதுக்குச் சூடு ஏது?"

குளிர்ந்த காற்றிலும் கொஞ்சம் சூடு உண்டாம். குழாயில் ஓடும் கேஸ் அதைவிடக் குளிர்ந்திருப்பதால் அந்தச் சூடு அதில் ஏறிக்கொள்ளுமாம். பிறகு கம்ப்ரசர் கேஸை அமுக்கும். சைக்கிளுக்குக் காற்றடித்தால் பம்பு சுடுவதுபோல் அதுவும் சுட்டு, அறைக்குள் போய்ச் சூட்டை இறக்கிவிடுமாம்.

சுமைக்காரன் யோசித்தான். இந்தக் குளிரிலும் உள்ளே யாருக்காவது குளிர்ச்சி வேண்டியிருந்தால், அவர்கள் பெட்டி சூட்டை இங்கேதானே கொட்டியாக வேண்டும்? ஒவ்வொரு பெட்டியாகக் கையை நீட்டிக்கொண்டு நடந்தான்.

"பெட்டிக்கெல்லாம் நாடி பாக்குறாரு வைத்தியரு" என்று சிரித்தாள் மனைவி.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒற்றையாக நின்ற பெட்டியில் கை சுட்டது. கீழே இருக்கும் கம்ப்யூட்டர் அறையினுடையது அது, அந்த மெஷின்கள் கொதிப்பதால் வருஷம் முழுக்கக் குளிரூட்டியாக வேண்டும் என்றார் மெக்கானிக்.

கொடி இடம் மாறியது.

"பெட்டி வாயை மட்டும் பொத்திடாதீங்கக்கா. காத்து போகலேன்னா நின்னுரும்" என்று எச்சரித்து, கொடியைத் தள்ளிக் கட்டவைத்தார் மெக்கானிக்.

பொழுது சாய்வதற்குள் எல்லாம் காய்ந்துவிட்டன. அவள் மடித்து அவன் தோளில் அடுக்கினாள். பிடரியில் இதமாகச் சுட்டது. படியிறங்கும்போது அவனுக்குச் சிரிப்பு வந்தது. பெட்டி பாடுபட்டுக் கீழிருந்து ஏற்றிவிட்ட சூட்டை, அவன் மறுபடி கீழேயே இறக்கிக்கொண்டிருந்தான்.